தை மாதக் கல்யாணம், கையில் 8 லட்சம்: அழகாகச் செய்ய வழி சொல்லுங்கள்

மழைச்சாரல்:
எல்லோருக்கும் வணக்கம். வருகிற தையில் எனக்குக் கல்யாணம் வைக்கலாம் என்று இரண்டு வீட்டிலும் பேசியிருக்கிறார்கள். நான் இலங்கை மலையகத்தில் தலவாக்கலைப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள், இப்போது ஒரு தோட்டப் பாடசாலையில் படிப்பிக்கிறேன். மாப்பிள்ளைக்கு ஊர் பதுளைப் பக்கம் பசறை, வேலை கொழும்பில். நாங்கள் இரண்டு பேரும் சேர்த்து வைத்திருப்பது 8 லட்சம் ரூபா. தாலியும் கூறைச் சேலையும் இதற்குள் வராது, அதைப் பெரியவர்கள் பார்த்துக்கொள்கிறார்கள். கடன் வாங்குவதில்லை, நகை அடகு வைப்பதில்லை என்பதில் இருவரும் உறுதியாக இருக்கிறோம்.

அம்மாவுக்குத் தோட்டத்து வரிசை வீடுகளில் ஒரு லயம் விடாமல் எல்லோருக்கும் சொல்ல வேண்டும். அவருடைய நண்பர்கள் கொழும்பிலிருந்து வருவார்கள். அவர்கள் போன கல்யாணமெல்லாம் ஹோட்டலில் நடந்தவை. எனக்குக் கல்யாணம் பார்க்க அழகாக, யோசித்துச் செய்தது போல இருக்க வேண்டும் என்று ஆசை. ஏனோதானோ என்று முடிக்க மனம் வரவில்லை. ஒரு மண்டபத்தில் விசாரித்தோம். சாப்பாடு, மேடை, லைட் எல்லாம் சேர்த்து ஆளுக்கு 3,500 என்றார்கள். 300 பேர் என்றால் அதிலேயே 10,50,000 வந்துவிடுகிறது. செய்து பார்த்தவர்கள் வழி சொல்லுங்கள்.

ஊவாக்காரி:
வாழ்த்துகள் தங்கச்சி. தை என்று பேசியது நல்லது, அதை மாற்ற விடாதீர்கள். எங்கள் ஊவாப் பக்கத்து ஆட்கள் ஆனி, ஆவணி என்று நாள் பார்ப்பார்கள், ஏனென்றால் பதுளை, பண்டாரவளையில் அப்போதுதான் வெயில். அதே நேரம் உங்கள் பக்கம் தென்மேற்குப் பருவமழை கொட்டும். மே தொடங்கி செப்டெம்பர் வரை ஹட்டன், தலவாக்கலையில் பந்தல் போடுவது பெரிய தலைவலி. ஜனவரி நடுவிலிருந்து மார்ச் வரை மேற்கு மலையில் வானம் தெளிவாக இருக்கும். அழகு, செலவு இரண்டுமே முதலில் இதில்தான் தீர்மானமாகிறது. மழை இல்லை என்றால் கூடாரத்துக்கும் தறப்பாளுக்கும் ஜெனரேட்டருக்கும் போகிற காசு கையில் நிற்கும்.

இன்னொன்று, தைப்பூசத்தன்று முகூர்த்தம் வைக்காதீர்கள். பௌர்ணமி, போயா லீவு நாள்தானே என்று சிலர் சொல்வார்கள். ஆனால் தோட்டத்துக் கோயிலில் அன்று பால்குடமும் காவடியும் இருக்கும், குருக்களும் கிடைக்கமாட்டார். சிவனொளிபாத மலை யாத்திரைப் பருவகாலமும் அப்போது நடக்கும், போயாவோடு சேர்ந்த விடுமுறையில் ஹட்டன் வீதி நெரிசலாக இருக்கும். கொழும்பு நண்பர்கள் அந்த வழியாகத்தானே வர வேண்டும்.

தோட்டத்து ஐயா:
மகளே, நான் ஓய்வு பெற்ற கணக்கப்பிள்ளை. ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்கிறேன். வார நாளில் வைத்தால் மண்டபம் விலை குறையும் என்று உங்களிடம் சொல்லுவார்கள். அது கொழும்புக் கணக்கு. தோட்டத்தில் வார நாள் கல்யாணம் என்றால் வருகிற ஒவ்வொருவருக்கும் ஒரு பேர், அதாவது ஒரு நாள் சம்பளம், போகும். 2024 செப்டெம்பரில் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ஆனது. புருஷனும் பெண்சாதியும் வந்தால் இரண்டு நாட்சம்பளம். அதற்கு மேல் மொய்யும் எழுத வேண்டும். நம்முடைய செலவைக் குறைப்பதற்காக 90 குடும்பத்தின் தலையில் அதை வைக்கக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை வளர்பிறை முகூர்த்தம் பாருங்கள், கிடைக்காவிட்டால் லீவு நாள் பாருங்கள்.

இன்னொரு செலவு இருக்கிறது, யாரும் வாய்விட்டுப் பேசமாட்டார்கள். முதல் நாள் ராத்திரி ஆண்களுக்கு ஊற்றிக் கொடுக்கும் கணக்கு. அது சாப்பாட்டுச் செலவையே எட்டிப் பிடித்த வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். இந்தக் கல்யாணத்தில் அது இல்லை என்று அப்பாவும் மாமாவும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். நலங்கு வைக்கிற அந்த ராத்திரி பெண்களும் பிள்ளைகளும் நிம்மதியாக உட்காரும் ராத்திரியாக இருக்கட்டும்.

நேர்சொல்:
எல்லோரும் தோட்டத்திலேயே செய்யச் சொல்லுவீர்கள் என்று தெரிகிறது. நான் மாற்றிச் சொல்கிறேன். எங்கள் அப்பா அம்மா காலம் முழுக்க மற்றவர்களுடைய விருந்துக்குத் தேயிலை பறித்தவர்கள். நுவரெலியா ஹோட்டல்களின் வாசலைத் தாண்டி உள்ளே போய் உட்கார்ந்து சாப்பிட்டதில்லை. என் தங்கை கல்யாணத்தை ஹோட்டலில் வைத்தபோது அம்மா அந்த விரிப்புப் போட்ட மேசையில் உட்கார்ந்திருந்ததைப் பார்க்க எனக்கு அவ்வளவு சந்தோஷம். படித்து வேலைக்குப் போன பிள்ளை அந்த இடத்தில் கல்யாணம் செய்ய ஆசைப்பட்டால் அதை வீண் ஆடம்பரம் என்று ஒதுக்காதீர்கள். 300 பேரை 120 ஆகக் குறையுங்கள். 8 லட்சத்துக்குள் ஹோட்டலிலேயே முடியும்.

கண்டி அக்கா:
நேர்சொல் தம்பி சொன்ன மரியாதை விஷயம் பெரியது, அதை யாரும் லேசாக எடுக்கக் கூடாது. ஆனால் மழைச்சாரலின் அம்மா கேட்பதும் மரியாதைதான். இத்தனை வருஷம் தன் வீட்டு நல்லது கெட்டதுக்கு வந்து நின்ற லயத்து ஆட்களை உட்கார வைத்துச் சாப்பாடு போட வேண்டும் என்கிறார். 120 என்று குறைத்தால் வெட்டுப்படப் போவது அவர்கள்தான்.

நான் இரண்டு பெண்களுக்குக் கல்யாணம் செய்து வைத்தவள். எனக்குத் தெரிந்த வரையில் ஒரு கல்யாணம் அழகாக இருந்தது என்று ஜனங்கள் சொல்வது நாலைந்து விஷயத்தை வைத்துத்தான்: பெண்ணும் மாப்பிள்ளையும் எப்படி இருந்தார்கள், வாசலில் யார் கூப்பிட்டார்கள், சாப்பாடு சூடாக இருந்ததா, மேளம் நன்றாக இருந்ததா, காத்திருக்க வைத்தார்களா. காசை அங்கே போடுங்கள். கதிரைக்கு உறை, அதற்குப் பின்னால் ரிப்பன், மேசைக்கு மேசை பெயர் அட்டை, நுழையும்போது புகைவிடும் மெஷின், இவற்றையெல்லாம் விட்டுவிடுங்கள். மண்டபக்காரர் சொன்ன 3,500க்குள் இவையும் இருக்கும், பிரித்துக் கேட்டுப் பாருங்கள்.

அழைப்பிதழில் கூட இப்படித்தான். கொழும்பு ஆட்களுக்கும் கூட வேலை செய்பவர்களுக்கும் வாட்ஸ்அப்பில் ஒரு அழகான படம் போதும். பெரியவர்களுக்கு மட்டும் கார்ட் அடியுங்கள், நல்ல தாளில். 300 அடிக்க வேண்டாம், 60 போதும். லயத்துக்கு அம்மாவும் சித்தியும் வெற்றிலை பாக்கோடு நேரில் போகட்டும். அந்த அழைப்புக்கு ஈடாக எந்தக் கார்டும் வராது.

மொய்யை வரவில் சேர்க்காதீர்கள். அது கொப்பியில் எழுதி நாளைக்குத் திருப்பிச் செய்ய வேண்டிய காசு. அதை நம்பி அட்வான்ஸ் கொடுத்துவிட்டால் கல்யாணம் முடிந்த வாரத்திலேயே நெருக்கடி வரும்.

மழைச்சாரல்:
அக்கா, ஐயா, மிக்க நன்றி. நேர்சொல் அண்ணே, நீங்கள் சொன்னதை அவரிடம் வாசித்துக் காட்டினேன். இருவருமே கொஞ்ச நேரம் பேசவில்லை. எங்கள் ஆசையும் அதேதான். ஆனால் அம்மா பட்டியலில் பெயர் வெட்ட உட்கார்ந்தால் எனக்குக் கை வராது. தோட்டத்துக் கோயிலில் முகூர்த்தம், பக்கத்தில் இருக்கிற கலாசார மண்டபத்தில் சாப்பாடு என்று இப்போது யோசிக்கிறோம். மண்டபம் வெறும் சுவரும் தகரக் கூரையும்தான். அதை எப்படி அழகாக்குவது? சாப்பாட்டை வெளியே கொடுப்பதா, ஆள் வைத்துச் சமைப்பதா?

அடுப்படி அண்ணன்:
தங்கச்சி, சாப்பாட்டை நான் சொல்கிறேன். கல்யாணச் சமையலுக்கு ஆட்களோடு போகிறவன் நான். ஆள் வைத்துச் சமையுங்கள். கோயிலோடு சேர்ந்த மண்டபம், மரக்கறிச் சாப்பாடுதான் பொருத்தம். சாமானும் கூலியும் சேர்த்து ஆளுக்கு 700, 750 என்று ஒதுக்கினால் நன்றாகவே செய்யலாம். அதாவது 300 பேருக்கு இரண்டே கால் லட்சம்.

அரிசி ஒரு கிலோவுக்கு 8 பேர் என்று கணக்கு வைப்பேன், 40 கிலோ கைவசம் இருந்தால் பயமில்லை. சம்பா போடுங்கள். கறியின் பெயரை மூன்று மாதத்துக்கு முன்பே முடிவு செய்து அட்டையில் அடிக்க வேண்டாம். நுவரெலியா பொருளாதார மத்திய நிலையத்துக்கு முதல் நாள் விடியற்காலை போய், அன்றைக்கு எது நல்லதோ அதை எடுங்கள். போஞ்சி, கரட், கோவா, பீட்ரூட், உருளைக்கிழங்கு, எல்லாம் நம்முடைய மலையில் விளைவதுதான். விலை மட்டும் வாரத்துக்கு வாரம் துள்ளும். போஞ்சி விலை ஏறியிருந்தால் லீக்ஸும் பருப்பும் கூட்டாகப் போகும். தேங்காய் 2025ல் 200 ரூபாவைத் தாண்டியதை மறக்கவில்லை. அதனால் பால்கறி இரண்டு போதும், மற்றது சாம்பார், ரசம், பிரட்டல், வறை என்று வையுங்கள். வடையும் அப்பளமும் பாயாசமும் தவற வேண்டாம். பாயாசத்தில் கஞ்சத்தனம் செய்தால் அதைத்தான் பேசிக்கொண்டு போவார்கள்.

இரண்டு விஷயம் வெளியூர்ச் சமையல்காரர்களுக்குத் தெரியாது. நம்முடைய உயரத்தில் தண்ணீர் 100 பாகைக்கு முன்பே கொதித்துவிடும். தலவாக்கலையில் கிட்டத்தட்ட 96 பாகைதான். பருப்பும் கடலையும் வேக நேரம் பிடிக்கும், முதல் நாள் ராத்திரியே ஊற வைக்க வேண்டும். அடுத்தது, தைக் குளிரில் சோறு அரை மணி நேரத்தில் ஆறிவிடும். 300 பேருக்கும் ஒரே தடவை வடித்துக் குவித்து வைத்தால் கடைசிப் பந்தி பச்சைத் தண்ணீர்ச் சோறு மாதிரி சாப்பிடும். பந்திக்கு 75 பேர், நாலு பந்தி, ஒவ்வொரு பந்திக்கும் புதிதாக வடித்த சோறு. அடுப்புக்குக் கவ்வாத்து வெட்டிய மலையிலிருந்து மிலாறு, அதாவது வெட்டிப் போட்ட தேயிலைக் கொப்பு, கிடைக்கும், தோட்ட மனேஜர் துரையிடமோ பெரிய கணக்கரிடமோ முன்பே கேட்டுவிடுங்கள்.

வாழையிலை கட்டாயம் வேண்டும். உங்கள் உயரத்தில் தேவையான அளவு கிடைக்காது, கினிகத்தேனை அல்லது நாவலப்பிட்டிப் பக்கம் சொல்லி வைத்து முதல் நாள் மாலை ஏற்றி, ஈரச் சாக்கில் சுற்றி வைக்க வேண்டும். தோரணத்துக்கு வேண்டிய வாழைமரம், குருத்தோலை, மாவிலை எல்லாம் அதே லொறியில் வந்துவிடும். வாசலில் சோடாவுக்குப் பதிலாக இஞ்சி தட்டிப் போட்ட ப்ளேன்டி கொடுங்கள், பித்தளைத் தட்டில் வைத்து, கையில் ஒரு துண்டு கருப்பட்டியோடு. கொழும்பு ஆட்கள் அதைத்தான் போட்டோ எடுப்பார்கள்.

ஊவாக்காரி:
இஞ்சி ப்ளேன்டி அருமை.

மிலாறு:
எங்கள் தோட்டத்து இளைஞர் கழகத்தில் பந்தல் வேலை நான்தான் பார்க்கிறேன். அடுப்படி அண்ணன் மிலாறை அடுப்பில் வைக்கச் சொல்லிவிட்டார், நான் அதை மேடையில் வைக்கச் சொல்கிறேன்.

தகரக் கூரை மண்டபத்தை மறைக்க நினைத்தால் காசு கரையும். கூரை முழுக்கத் துணி கட்டுவதற்கே பெரிய தொகை கேட்பார்கள். அதனால் கூரையை விட்டுவிடுங்கள். பார்வையை ஒரு சுவரில் நிறுத்துங்கள். மணமக்கள் உட்காரும் பின்சுவர் மட்டும் போதும். ரெஜிஃபோம் மயிலும் தூணும் வைத்த வாடகை செட்டி பேக், அதாவது மணமக்கள் இருக்கைக்குப் பின்னால் வைக்கும் அலங்காரம், எடுத்தால் அதற்கு முன் எந்தச் சேலை கட்டினாலும் எடுபடாது. சுவருக்கு ஒரே நிறத்தில் துணி, தந்த நிறமோ வெளிர்ப் பச்சையோ, மடிப்பு விழுந்தால் இன்னும் நல்லது. அதற்கு முன்னால் கழுவிக் காயவைத்த மிலாறுக் கொப்புகளை வளைவாகக் கட்டி, நடுவில் பூ. தேயிலைக் கொப்புக்கு ஒரு முறுக்கு உண்டு, எந்தக் கடையிலும் அந்த வடிவத்தை வாங்க முடியாது. பழைய தேயிலை மரத்தூர் இரண்டு கிடைத்தால் சுத்தம் செய்து மேடையின் இரு பக்கமும் குத்துவிளக்குப் பீடமாக வைக்கலாம்.

பூவுக்கு வருவோம். மல்லிகையும் ரோசா மாலையும் முகூர்த்தத்துக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு வாங்குங்கள், அதில் குறைக்காதீர்கள். மற்ற அலங்காரத்துக்கு மலையில் விளைகிற பூ: நுவரெலியா, வெலிமடைப் பக்கம் கார்னேஷன், கிரிஸாந்திமம், ஜெர்பரா எல்லாம் வளர்க்கிறார்கள். கடைக்குப் போகாமல் வளர்க்கிறவரிடமே நேராகப் பேசினால் விலையில் நல்ல வித்தியாசம் தெரியும். பங்களா ஓரத்தில் பூக்கிற ஹைட்ரேஞ்சியாவைக் கேட்டு வாங்கலாம், ஆனால் வெட்டியவுடன் தண்ணீரில் வைக்க வேண்டும், வெயிலில் அரை மணி நேரம் நின்றாலே தலை தொங்கும். நிறத்தை இரண்டாகக் குறைத்துக்கொள்ளுங்கள். வெள்ளையும் மஞ்சளும், பச்சை இலை ஏராளமாக. ஐந்து நிறம் சேர்ந்தால் எவ்வளவு செலவழித்தாலும் கடைத்தெரு மாதிரி தெரியும்.

சாப்பாட்டு மேசையில் பூச்சாடி வேண்டாம். இலை போட்டால் மேசை தானாக நிறைந்துவிடும்.

விளக்கைப் பற்றி: நிறம் மாறும் சீரியல் பல்ப் எடுக்காதீர்கள், மஞ்சள் வெளிச்சம் ஒன்று மட்டும். வயரை லயத்து லைனில் கொழுவ விடாதீர்கள், எலக்ட்ரீஷியன் ஒருவரைக் கூப்பிட்டு மண்டப மீட்டரிலிருந்து தனியாக எடுங்கள். துணியும் காய்ந்த கொப்பும் பூவும் இருக்கிற இடம்.

துணி, பூ, லொறி, பையன்களுக்குச் சாப்பாடு எல்லாம் சேர்த்து 90,000க்குள் முடிக்கலாம். பையன்கள் கூலி கேட்கமாட்டார்கள், ஆனாலும் கழகத்துக்கு ஏதாவது எழுதிவிடுங்கள்.

தோட்டத்து ஐயா:
தம்பி சொன்னது நல்ல யோசனை. கதிரைக்கு ஒரு வார்த்தை. சாவு வீட்டுக்கு உதவுகிற மரணாதாரச் சங்கத்தில் கதிரையும் அண்டாவும் இருக்கும், இலவசமாகவே தருவார்கள். ஆனால் சில பெரியவர்களுக்கு அதை நல்ல காரியத்துக்கு எடுப்பது மனதுக்குப் பிடிக்காது. கோயில் கமிட்டியின் சாமான் தனியாக இருந்தால் அதைக் கேளுங்கள். இல்லாவிட்டால் அம்மாவிடமும் மாப்பிள்ளை வீட்டாரிடமும் கேட்டுவிட்டு எடுங்கள். அன்று காலையில் யாராவது முகம் சுளிக்கும்படி வைத்துக்கொள்ளாதீர்கள்.

கேமராத் தம்பி:
அக்கா, நான் ஹட்டனில் போட்டோ எடுக்கிறேன், கொட்டகலை முதல் பொகவந்தலாவை வரை நிறையக் கல்யாணம் செய்திருக்கிறேன். என் தொழிலுக்கு எதிராகவே சொல்கிறேன், கல்யாணத்துக்கு முன்னால் எடுக்கிற ப்ரீ ஷூட் வேண்டாம். எல்ல ஒன்பது வளைவுப் பாலம், கிரகரி வாவி, பேராதனைப் பூங்கா என்று ஒரு நாள் வேனும் உடுப்பும் மேக்கப்பும் சேர்ந்தால் கல்யாண நாளுக்கான போட்டோச் செலவில் பாதி போய்விடும். நீங்கள் இருப்பது தலவாக்கலை. சென் கிளேயர், டெவோன் நீர்வீழ்ச்சிகள் பக்கத்தில். உங்கள் தோட்டத்து மலையே போதும், அதற்கும் தோட்ட நிர்வாகத்திடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். கல்யாணத்துக்கு மறுநாள் காலை 7 மணிக்கு, மஞ்சள் கயிறு புதிதாக இருக்கும்போதே, ஒரு மணி நேரம் எடுத்தால் அதைவிட நல்ல படம் வராது. மதியத்துக்குப் பிறகு மூடுபனி இறங்கினால் பின்னால் மலையே தெரியாது.

கல்யாண நாளுக்கு ஒரு போட்டோக்காரர், ஒரு வீடியோக்காரர் போதும். ஐந்து பேர் மணவறையைச் சுற்றி நின்றால் தாலி கட்டுவதை உங்கள் அம்மாவே பார்க்க முடியாது. கேமராக்காரர் எங்கே நிற்க வேண்டும் என்று குருக்களிடமும் எங்களிடமும் முன்பே சொல்லிவிடுங்கள். ட்ரோன் கேட்டால், பறக்க விடுபவர் சிவில் விமான சேவைகள் அதிகார சபையில் பதிந்தவரா என்று பாருங்கள். ஆல்பத்தைப் பிறகு செய்யலாம், படங்களை முழு அளவில் ஹார்ட் டிஸ்கில் வாங்கிக்கொள்ளுங்கள். அட்வான்ஸ் கொடுக்கும்போது எத்தனை மணி நேரம், எத்தனை படம், எந்த மாதம் கையில் கிடைக்கும் என்று எழுத்தில் வாங்க வேண்டும். கடைசித் தவணையை வேலை முடிந்த பிறகுதான் கொடுக்க வேண்டும். எனக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

கண்டி அக்கா:
மழைச்சாரல், உடுப்பைப் பற்றி யாரும் சொல்லவில்லை. முகூர்த்தத்துக்குக் கூறை, சாப்பாட்டுக்கு இன்னொன்று, மாலைக்கு லெஹெங்கா என்று மூன்று மாற்றுகிறார்கள் இப்போது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் அலங்காரத்துக்குத் தனிக் காசு, அதோடு ஒரு மணி நேரம் பெண்ணையே காணோம். வந்தவர்கள் கதிரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். ஒரே சேலை, நல்ல பட்டு, உடம்புக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை. தையலில் காசைக் குறைக்காதீர்கள், 20,000 ரூபாச் சேலையையும் அது தூக்கிக் காட்டும். மறுவீட்டுக்கு அம்மாவின் பழைய பட்டு இருந்தால் அதைக் கட்டுங்கள்.

நகைக்குப் பவுன் விலை 2025லேயே 3 லட்சத்தைத் தாண்டிவிட்டது. தாலி தவிர வேறு தங்கம் வாங்க வேண்டாம். வாடகைக்கு எடுக்கிற செட்டில் கோயில் நகை வேலைப்பாடு உள்ள ஒரு கழுத்தணியும் ஜிமிக்கியும் போதும், நெற்றிச்சுட்டி முதல் ஒட்டியாணம் வரை அடுக்க வேண்டாம். மாப்பிள்ளைக்குக் கோட் சூட் எதற்கு? பட்டு வேட்டி, சட்டை, தோளில் சால்வை. அந்தக் குளிரில் உங்களுக்கும் சேலை நிறத்தில் ஒரு பட்டுச் சால்வை எடுத்து வையுங்கள், கடைசி நேரத்தில் ஸ்வெட்டர் போட்டுப் படம் எடுக்க வேண்டி வராது.

தவில்வீடு:
மேளத்துக்கு இடம் விடுங்கள் அம்மா. நாதஸ்வரம் இரண்டு, தவில் இரண்டு வைத்தால் அந்த மண்டபமே நிறையும். ஸ்பீக்கர் தேவையில்லை. அப்புறம், பெண்ணழைப்புக்குத் தோட்டத்துத் தப்பு மேளம் வையுங்கள். சாவு மேளம் என்று சொல்லி அதை ஒதுக்கி வைத்தார்கள். நம்முடைய திருவிழாவும் காமன்கூத்தும் அதில்தான் நடக்கிறது. மலையகத் தமிழர் வந்து 200 ஆண்டு ஆனதை நினைத்து 2023ல் மலையகம் 200 நடைபவனி போனபோது பிள்ளைகள் அந்த மேளத்துக்கு எப்படி ஆடினார்கள் என்று பார்த்தவன் நான். லயத்திலிருந்து கோயில் வரைக்கும் தப்பு, கோயில் வாசலிலிருந்து நாதஸ்வரம். வாசிப்பவர்களைப் பந்தியில் எல்லோரோடும் உட்கார வைத்துச் சாப்பாடு போடுங்கள், முழுக் கூலியையும் கையில் கொடுங்கள்.

மழைச்சாரல்:
தவில்வீட்டு ஐயா, எங்கள் தாத்தா தப்பு அடித்தவர். அப்பாவிடம் கேட்டேன், கட்டாயம் வைப்போம் என்றார்.

நேர்சொல்:
சரி, படித்துக்கொண்டே வந்தேன். இப்படிச் செய்தால் நான் சொன்ன மரியாதை குறையாது என்று இப்போது நம்புகிறேன், ஹோட்டல் விஷயத்தில் என் எண்ணம் மாறவில்லை என்றாலும். ஒரு யோசனை. காசு மிஞ்சினால் மறுநாள் மாலை இரண்டு வீட்டுப் பெற்றோர், கூடப் பிறந்தவர்கள், கொழும்பு நண்பர்கள் என 30 பேரை மட்டும் நுவரெலியாவில் ஒரு நல்ல ஹோட்டலுக்கு மாலைத் தேநீருக்குக் கூப்பிடுங்கள். முழுச் சாப்பாட்டை விட மிகக் குறைவாகத்தான் வரும். அம்மாவை அந்த மேசைக்கு நடுவில் உட்கார வையுங்கள். ஏப்ரலில் வசந்தகாலக் கொண்டாட்டத்தின்போது விலை ஏறிவிடும், தையில் அந்தப் பிரச்சினை இல்லை.

தாம்பூலப் பையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பிளாஸ்டிக் டப்பாவும் சில்வர்க் கிண்ணமும் கொடுக்காதீர்கள். ஜனவரி முதல் மார்ச் வரை வறட்சியும் குளிர்காற்றும் சேர்ந்து உங்கள் திம்புள்ளைப் பக்கத் தேயிலை நல்ல மணத்தோடு வருகிற பருவம். ஊவாவுக்கு அது ஜூலை முதல் செப்டெம்பர். ஃபாக்டரியில் பி.ஓ.பி. என்கிற சிறு இலைத் தரத்தில் மொத்தமாக வாங்கி, 100 கிராம் வீதம் துணிப்பையில் கட்டி, வெற்றிலை பாக்கு மஞ்சளோடு கொடுங்கள். அட்டையில் தோட்டத்தின் பெயரையும் டிவிஷனையும் எழுதுங்கள். கொழும்புக்காரர்கள் குடிக்கிற தேநீர் யார் கையிலிருந்து போகிறது என்று தெரியட்டும். தோட்டத்து ஆட்களுக்குத் தேயிலை கொடுப்பதில் அர்த்தமில்லை, அவர்களுக்கு அதே பையில் தேங்காயும் பலகாரமும்.

ஊவாக்காரி:
இதை நான் எழுதியிருக்க வேண்டும், அவ்வளவு பிடித்திருக்கிறது.

பதிவேடு:
எல்லோரும் அலங்காரம் பேசும்போது நான் காகிதம் பேச வந்திருக்கிறேன். கோயிலில் தாலி கட்டினாலும் விவாகப் பதிவு தேவை. நாளைக்குப் பிள்ளையின் பிறப்புப் பதிவு, கடவுச்சீட்டு, ஊழியர் சேமலாப நிதி எல்லாவற்றுக்கும் அந்தச் சான்றிதழைத்தான் கேட்பார்கள். உங்கள் பிரிவின் விவாகப் பதிவாளரிடம் முன்கூட்டியே அறிவித்தல் கொடுக்க வேண்டும். சாதாரணமாக 12 நாள் கழித்துத்தான் பதிவு செய்ய முடியும், கொடுத்ததிலிருந்து 3 மாதத்துக்குள் முடிக்கவும் வேண்டும். பதிவாளரை மண்டபத்துக்கு வரவழைக்க வேண்டுமென்றால் தனி அனுமதியும் கட்டணமும் இருக்கிறது. அலுவலகத்திலேயே இரண்டு சாட்சிகளோடு ஒரு காலை வேளையில் முடித்தால் அந்தச் செலவு இல்லை.

முக்கியமானது: பிறப்புச் சான்றிதழையும் அடையாள அட்டையையும் இன்றைக்கே எடுத்துப் பக்கத்தில் வைத்து எழுத்துக்கு எழுத்து பாருங்கள். தோட்டத்தில் பிறந்த எத்தனையோ பேருக்குப் பெயரும் தகப்பன் பெயரும் இரண்டிலும் வேறு வேறாக இருக்கும். திருத்த மாதக் கணக்கில் ஆகும். மாப்பிள்ளையையும் பார்க்கச் சொல்லுங்கள்.

மழைச்சாரல்:
ஐயா, பார்த்துவிட்டேன். அப்பாவின் பெயரில் ஒரு எழுத்து மாறியிருக்கிறது! நாளைக்கே பிரதேச செயலகத்துக்குப் போகிறேன். நீங்கள் சொல்லாவிட்டால் தை பிறந்த பிறகுதான் தெரிந்திருக்கும்.

எங்கள் கணக்கு இப்போது இப்படி நிற்கிறது. சாப்பாடு இரண்டே கால் லட்சம். மேடையும் பூவும் லொறியும் 90,000. போட்டோ, வீடியோ ஒன்றரை லட்சம். மேளம், தப்பு, குருக்கள், கோயில் சேர்த்து 80,000. அலங்காரம், வாடகை நகை, தையல் 60,000. மாப்பிள்ளை வீட்டு பஸ்சுக்கு 50,000. தாம்பூலம், கார்ட், பலகாரம் 55,000. எல்லாம் 7,10,000 வருகிறது. மீதி 90,000. அதில் நேர்சொல் அண்ணன் சொன்ன மாலைத் தேநீருக்கு 60,000 ஒதுக்கியிருக்கிறோம், மாப்பிள்ளை அதற்கு உடனே சம்மதித்தார். 30,000 கைகாவலுக்கு. மறுவீட்டை மாமியார் வீட்டில் தங்கள் செலவில் செய்கிறோம் என்கிறார்கள்.

மூன்று கேள்வி மட்டும். பசறையிலிருந்து பஸ் வர எவ்வளவு நேரம் பிடிக்கும்? குருக்கள் காலை 6 மணி முகூர்த்தமும் 10 மணிக்குப் பிறகு ஒன்றும் இருக்கிறது என்றார். எதை எடுப்பது? மறுவீட்டை மாலைத் தேநீருக்கு அடுத்த நாளே பசறையில் வெளியே பந்தல் போட்டு வைக்கலாமா?

ஊவாக்காரி:
இரண்டாவது முகூர்த்தத்தை எடுங்கள். பசறை, பதுளை, வெலிமடை, நுவரெலியா வழியாக வளைவு வளைவாக வர நாலு மணி நேரத்துக்கு மேல் ஆகும். வயதானவர்களும் பிள்ளைகளும் இருப்பார்கள், நடுவில் நிறுத்த வேண்டியும் வரும். 6 மணி என்றால் முதல் நாளே 50 பேருக்குத் தங்க இடம் தேட வேண்டும், விடியற்காலைக் குளிரில் பெரியவர்கள் கோயில் தரையில் உட்கார வேண்டும். உங்கள் தோட்டத்து ரோட்டில் பெரிய பஸ் ஏறுமா என்று டிரைவரை ஒரு தடவை கூட்டி வந்து காட்டுங்கள். ஏறாது என்றால் இரண்டு சின்ன பஸ் பேசுங்கள், இல்லாவிட்டால் மெயின் ரோட்டிலிருந்து வேன் வைத்து ஏற்ற வேண்டியிருக்கும். 2025 நவம்பர் கடைசியில் டிட்வா புயலில் நம்முடைய மாவட்டங்களில் வீதிகள் எப்படி மூடிப்போயின என்று பார்த்தோமே, புறப்படுவதற்கு முதல் நாள் வீதி நிலையை விசாரித்து, பண்டாரவளை வழியையும் மனதில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

மறுவீட்டுக்கு வெளிப் பந்தல் வேண்டாம். உங்கள் பக்கம் வெயில் அடிக்கும் தையில் எங்கள் பக்கம் வடகிழக்கு மழை இன்னும் முழுதாக விட்டிருக்காது. வாசலில் வரவேற்பு மட்டும் வைத்து, சாப்பாட்டை உள்ளே போடச் சொல்லுங்கள், அல்லது மாசியில் ஒரு ஞாயிறு பாருங்கள். மாசி என்றால் நானும் வந்துவிடுவேன், பசறை எனக்குப் பக்கம்தான். கோழிக் குழம்புக்கு யாரைப் பிடிப்பது என்று தனி மடலில் சொல்கிறேன்.